ராமேஸ்வரம் போகுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகப் பணம் கரைவது பயணத்தில் அல்ல, அறை வாடகையில்தான். எனவே அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பேச்சே வேண்டாம். ஒரு தை அமாவாசையில் ஜன்னல்கூட இல்லாத அறைக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் விசிறிக்கொண்டிருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

சாதாரண வார நாளில், சென்னையிலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு ரயிலில் ஏறினால் விடியும் வேளையில் இறங்கலாம். ஓர் இரவு வாடகை மிச்சம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் வண்டி ஏறும்போது தூங்கிவிடாதீர்கள்!

அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடி முடித்தால் பசி வயிற்றைக் கிள்ளும். தூக்குவாளியில் புளியோதரை, ஒரு டப்பா சீப்புச்சீடை இருந்தால் போதும். வெயிலில் தயிர்சாதம் புளித்துவிடும்.

தனுஷ்கோடிக்கு ஆட்டோ வேண்டாம், அரசு பஸ் போகிறது. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவர்களைத் தாண்டி ஒதுங்க நிழலே கிடையாது. குடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். மாலைக்குள் திரும்பிவிடுங்கள், இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள்.