கடைசி வரிசைத் தனிமங்களுக்கு மனப்பாடம் வேண்டாம்

கும்பகோணத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். 100க்கு மேற்பட்ட தனிமங்களின் தற்காலிகப் பெயர்கள் என்றாலே மிரளுகிறார்கள். வழி எளிது. அணு எண்ணின் இலக்கங்களை அப்படியே சொல்லாக்குங்கள்: 0 நில், 1 அன், 2 பி, 3 ட்ரி, 4 குவாட், 5 பென்ட், 6 ஹெக்ஸ், 7 செப்ட், 8 ஆக்ட், 9 என். கடைசியில் 'இயம்'. 119 என்றால் அன்-அன்-என்-இயம், சரியா?

நிரந்தரப் பெயரைக் கண்டுபிடித்தவர்கள் முன்மொழிவார்கள், ஐ.யூ.பி.ஏ.சி. (வேதியியலுக்கான சர்வதேச அமைப்பு) ஒப்புதல் தரும். புராணம், கனிமம், இடம், தனிமத்தின் பண்பு, விஞ்ஞானி, இவற்றிலிருந்துதான் பெயர் வரவேண்டும். நம் ஊர் நெல்லுக்கு 'ஆடுதுறை 43' என்று ஊர்ப்பெயர் வந்ததைப் போலவே, ரஷ்யாவின் டுப்னா 105க்கும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் 110க்கும் பெயர் கொடுத்தன.

அப்புறம் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது: பெயரின் வாலே தொகுதியை (தனிம அட்டவணையின் நெடுவரிசையை) காட்டிவிடும். 2016இல் பெயர் பெற்ற நான்கைப் பாருங்கள். நிஹோனியமும் (113) மாஸ்கோவியமும் (115) வழக்கம்போல 'இயம்'. டென்னசின் (117) குளோரின் இருக்கும் 17ஆம் தொகுதி, அதனால் 'இன்'. ஒகனெசான் (118) நியானின் 18ஆம் தொகுதி, அதனால் 'ஆன்'.