ஆடி அமாவாசைக்கு முன் அப்கிரேடா? திரும்பி வரும் நேரத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

ராமேஸ்வரத்துக்கு அறையும் டாக்சியும் புக்கிங் எடுக்கும் பெரிய தளங்களின் டேட்டாபேஸை அப்கிரேட் செய்யும்போது ‘ராத்திரி 2 மணிக்கு யார் வரப்போகிறார்கள்’ என்ற பேச்சு எடுபடாது. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு வருகிறவர்கள் நள்ளிரவிலும் அறை தேடுவார்கள். கடந்த 4 வார சர்வர் பதிவை (log) எடுத்து, மணிவாரியாக புக்கிங்கை எண்ணிப் பாருங்கள். ஓய்ந்த நேரம் எதுவென்று தெரிந்துவிடும். தை, ஆடி, மகாளய அமாவாசைகளை ஒட்டிய வாரத்தில் கை வைக்கவே வேண்டாம்.

அடுத்தது ஒத்திகை. குட்டி டேட்டாபேஸில் 3 விநாடியில் முடிகிற வேலை, நிஜத்தில் 40 நிமிடம் இழுக்கலாம். நேற்றைய பேக்கப்பை, அதே ராமும் டிஸ்க்கும் உள்ள வேறொரு சர்வரில் ஏற்றி, அதன்மேல் அப்கிரேடை ஓட்டுங்கள். அப்கிரேடுக்கு ஆன நேரம், சரிபார்க்க ஆன நேரம், பேக்கப்பை ரீஸ்டோர் செய்ய ஆன நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள். கடைசியதைத்தான் பலரும் அளப்பதில்லை. மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 5.7-இலிருந்து 8.0-க்கு ஏறிவிட்டால், அதே டேட்டாவோடு கீழே இறங்க வழி கிடையாது. பழைய பேக்கப்தான் கதி.

1 மணியிலிருந்து 3 மணிவரை தளத்தை மூடுகிறீர்கள். ரீஸ்டோருக்கு 50 நிமிடம், அதன்பின் சரிபார்க்க 15 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கெடு 1.55. அதற்குள் எல்லாம் சரியென்று தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் 5 நிமிஷம் பார்ப்போமே’ என்பதில்தான் விடிந்துபோகும். 99.9% இயங்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தால், 30 நாள் மாதத்துக்கு உங்களுக்கு இருப்பதே 43 நிமிடம். 2 மணி நேரம் மூடிவைக்கும் இந்த வழி ஒத்துவராது. ரெப்ளிகாவை (மெயின் சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகல் சர்வரை) முதலில் 8.0-க்கு ஏற்றி, அது மெயின் சர்வரை எட்டிப்பிடித்ததும் போக்குவரத்தை அதற்கு மாற்றுங்கள்.

டேபிளை மாற்றும் கட்டளையில் ஒரு கண்ணி உண்டு. யாரோ ஓட்டிவிட்ட நீண்ட ரிப்போர்ட் முடியாமல் இருந்தால், கட்டளை அதற்காகக் காத்து நிற்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண வினவல்களும் வரிசையில் மாட்டும். மைஎஸ்க்யூஎல் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு வருஷம்! அந்த செஷனில் மட்டும் லாக் வெயிட் டைம்அவுட்டை (lock_wait_timeout, பூட்டு விலகக் காத்திருக்கும் நேரத்தை) 5 விநாடியாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தளத்தைத் திறந்து புது புக்கிங் விழுந்தபின் பேக்கப்புக்குத் திரும்பினால், அந்த புக்கிங்குகள் அழிந்துபோகும். பணம் போய்விட்டது, அறை இல்லை என்று ஒரு குடும்பம் அக்னி தீர்த்தக் கரையில் பெட்டியோடு நிற்கும். ஆகவே சரிபார்த்து முடியும்வரை புக்கிங் பட்டன் திறக்கக் கூடாது. பேமென்ட் கேட்வே அனுப்பும் தகவலை மட்டும் தனிக் கியூவில் வாங்கிவையுங்கள்.

உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ வீட்டிலிருந்து வேலை பார்த்தால், கரண்ட் போய் இணைப்பு அறுந்ததும் பாதியில் ஓடும் ஸ்கிரிப்ட்டும் செத்துவிடும். சர்வருக்குள் டிமக்ஸை (tmux, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் கருவி) திறந்து, அதற்குள் ஓட்டுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி நுழைந்து, விட்ட இடத்திலேயே பார்க்கலாம்.