நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயின் மூக்கு எழவில்லையா? எடை போட்டுப் பாருங்கள்

தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடலுக்குக் கொண்டுபோய் ஓட்டும் என் பழைய ஜெட் ஸ்கீ (நீர்ப்பரப்பில் ஓடும் மோட்டார் வண்டி), அலையில் துள்ளாமல் அதைக் கிழித்துக்கொண்டே போனது. எல்லோரும் இஞ்சினைக் குறை சொன்னார்கள். அதன் ஓசை சுத்தமாக இருந்ததால் என் சந்தேகம் உடற்பகுதியின் மீதுதான். அரிசி ஆலைத் தராசில் ஏற்றினேன். கையேடு சொல்வதைவிட 18 கிலோ கூடுதல்!

நிற்கும் தட்டின் விரிப்பை உரித்துத் துளையிட்டதும் பழுப்பு நீர் சொட்டியது. உள்ளே இருந்த மிதவை நுரையில் ஒரு துண்டை வெட்டிப் பிழிந்தால் விரலிடுக்கில் வழிகிறது. மூக்குப் பகுதியிலும் அதே கதை. அத்தனையையும் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, நீர் உறிஞ்சாத நுரையை வைத்துக் கண்ணாடியிழையும் ரெசினும் பூசி மூடினேன். எடை குறையட்டும் என்று நுரையே வைக்காமல் விடாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் வண்டி மூழ்கிவிடும்.

நின்று ஓட்டும் வகையிலேயே பெரியதான 1,498 சிசி கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் சுமார் 250 கிலோ. அலை கொந்தளிக்கும் நீரிலும் நேராக ஓடும். ஆனால் குட்டிக்கரணத்துக்கு இலகுவான உடலே வேண்டும், குறிப்பாக முன்பக்கம். இப்போது என் வண்டியில் கைப்பிடிக் கம்பத்தை இழுத்து, பின்காலில் எடையை ஊன்றினால் மூக்கு உடனே எழுகிறது. சிற்றலைகளில் முன்பைவிட அதிகம் குதிக்கிறது. முழங்காலை மடக்கிச் சமாளிக்கிறேன்.