பழைய காருக்கு மறைவா ஒரு கில் ஸ்விட்ச்: திருடன் ஜம்ப்பர் வயர் போட்டாலும் ஸ்டார்ட் ஆகக்கூடாது

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்னு எங்க போனாலும் ஒரு கார்டினாவோ எஸ்கார்ட்டோ டட்சன் 1200 பக்கியோ (சின்ன பிக்கப்) பளபளன்னு நிக்குது, அப்பா ஓட்டினது தாத்தா வாங்கினதுன்னு அவ்வளவு பாசமா வச்சிருக்காங்க. ஆனா இதுல இமொபிலைசர்னு, அதாவது சரியான சாவி இல்லாம இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத எலக்ட்ரானிக் பூட்டு, ஒண்ணு கிடையாது, தேஞ்சுபோன இக்னிஷன் லாக் வெறும் ஸ்க்ரூடிரைவருக்கே திரும்பிடும். ஒரு ஸ்விட்ச், கொஞ்சம் வயர், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருந்தா நீங்களே ஒரு கில் ஸ்விட்ச், அதாவது இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம தடுக்கிற மறைவு ஸ்விட்ச், வச்சுடலாம்.

நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா சாவியிலருந்து காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு ஹை வோல்ட்டேஜ் குடுக்கிறது) வர்ற வயரை வெட்டி நடுவுல ஸ்விட்ச் வைக்கிறாங்க. எனக்கு அது பிடிக்காது. விவரம் தெரிஞ்ச திருடன் பானட்டை திறந்து பேட்டரி பாசிட்டிவ்லருந்து காயிலுக்கு நேரா ஒரு ஜம்ப்பர் வயர் போட்டுடுவான், உங்க ஸ்விட்ச் உள்ள சும்மா கிடக்கும். இன்னொண்ணு, அந்த ஸ்விட்ச் தேஞ்சு லூஸ் ஆச்சுன்னா ஃப்ரீவேல போறப்பவே இன்ஜின் நின்னுடும்.

அதனால நான் சொல்றது காயிலோட அந்தப் பக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கை பிரிச்சு விடுறது) போற மெல்லிசான வயர் காயில்ல எந்த டெர்மினல்ல மாட்டியிருக்கோ அதுதான் நமக்கு வேணும், சாதாரணமா மைனஸ்னு போட்டிருக்கும், போஷ் காயில்னா 1ன்னு இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இருக்கிற பாயிண்ட்ஸ், அதாவது திறந்து மூடுற காண்டாக்ட், திறக்கிற அந்த நொடியிலதான் ஸ்பார்க் வருது. இந்த டெர்மினலை நாம ஒரு ஸ்விட்ச் வழியா பாடியோட எர்த் பண்ணிட்டா பாயிண்ட்ஸ் திறந்தும் பிரயோஜனம் இல்ல, கரண்ட் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்பார்க் வராது. ஸ்டார்ட்டர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், திருடனுக்கு பெட்ரோல் இல்லாத மாதிரியோ வண்டி ரிப்பேர் மாதிரியோ தோணும். அவன் ஜம்ப்பர் போட்டாலும் இதேதான்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியோட எர்த் கேபிளை கழட்டிடுங்க. 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர் போதும், காயில்ல 4 ஆம்பியர் மாதிரிதான் ஓடும், ஆனா ஸ்விட்ச் 10 ஆம்பியர் தாங்குறதா வாங்குங்க. வயர் பழைய லூம்ல (வயர் கட்டுல) இருக்கிற கலர்லயே இருக்கட்டும், பளிச்சுன்னு புது சிவப்பு வயர் தெரிஞ்சா அதுவே வழி காட்டிடும். வயரை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) வழியா உள்ள கொண்டுவரப்ப, அந்த ஓட்டையில ரப்பர் க்ரோமெட் (ஓட்டை ஓரத்துல மாட்டுற ரப்பர் வளையம்) கண்டிப்பா வேணும், தகடு வயரை அறுத்து அது பாடியில பட்டுச்சுன்னா நீங்க ஸ்விட்சை தொடாமலே இன்ஜின் செத்துடும். ஜாயிண்ட்டை நல்லா கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, வெறும் இன்சுலேஷன் டேப் வேணாம். காயில் டெர்மினல்லருந்து வர்ற வயரை ஸ்விட்சோட ஒரு கால்ல மாட்டி, இன்னொரு கால்லருந்து ஒரு வயரை எடுத்து பெயிண்ட் சுரண்டின தகட்டுல போல்ட் போட்டு இறுக்குங்க.

ஸ்விட்ச் எங்கன்னு கேட்டா, ஸ்டியரிங் கீழ மட்டும் வேணாம், திருடன் கை முதல்ல அங்கதான் போகும். சீட் அடியில, கார்பெட் பின்னாடி, இல்லன்னா வேலை செய்யாத பழைய ஹீட்டர் ஸ்விட்சையே இதுக்கு மாத்திடலாம், எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும். சீட்ல உக்காந்தபடியே எட்டணும், ஆனா கால் தெரியாம பட்டு தட்டிடக்கூடாது.

எல்லாம் மாட்டினதும் ஸ்விட்சை போட்டுட்டு கொஞ்ச நேரம் மட்டும் கிராங்க் பண்ணி பாருங்க, பிடிக்கக்கூடாது. ஸ்விட்ச் போட்டிருக்கப்ப சாவியை ஆன்ல விட்டு வைக்காதீங்க, காயில் சூடாகி கெட்டுப்போகும். ஓடுற வண்டியில போட்டு எடுத்து விளையாடவும் வேணாம், எரியாத பெட்ரோல் சைலென்சர்ல போய் வெடிக்கும். பாயிண்ட்ஸை எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தா இந்த எர்த் முறை சரிவராது, அந்த மாடியூலுக்கு வர்ற 12 வோல்ட் வயர்ல ஸ்விட்சை வைங்க.

ஒண்ணு மனசுல வைங்க தம்பி, இது நிறுத்தி வச்ச வண்டிக்குத்தான், காவடி அன்னைக்கு கோயில் வெளிய விட்டுட்டு போறீங்களே அதுக்கு. ரோபோட்ல (டிராஃபிக் லைட்ல) நிக்கும்போது எவனாச்சும் துப்பாக்கி காட்டினா ஸ்விட்ச் பக்கம் கையே போகக்கூடாது, கையை தூக்கிட்டு இறங்கிடுங்க. ஸ்விட்ச் இடத்தை கார் கார்டுகிட்டயும் (பார்க்கிங்ல வண்டியை பாத்துக்கிற ஆள்) சொல்லாதீங்க, கார் கழுவ விடுற இடத்துலயும் சொல்லாதீங்க. கடலோரத்துல இருக்கிறவங்க எர்த் போல்ட்டுல கிரீஸ் தடவி அப்பப்ப கழட்டி பாருங்க, உப்புக்காத்துல துரு ஏறி எர்த் விட்டுப்போச்சுன்னா ஸ்விட்ச் போட்டிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆயிடும்.