தோட்டத்து உயிர்களைப் படமெடுக்க கேமரா வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கேமரா வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். "உங்கள் வீட்டு முருங்கைமரம், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து எத்தனை அடி?" பெரும்பாலும் பதில் வராது. மாடல் பெயரும் விலையும் மெகாபிக்சலும் விரல்நுனியில் இருக்கும். தோட்டத்தை மட்டும் அளந்திருக்க மாட்டார்கள். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கொல்லை பெரியதில்லை. ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை, வேலியோரம் எருக்கு, கிணற்றடியில் வாழை. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். எலுமிச்சை இலையில் எலுமிச்சை அழகி முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன் புழு மேயும். தவிட்டுக்குருவிக் கூட்டம் தினமும் சருகைக் கிளறிவிட்டுப் போகும். அணிலையும் குயிலையும் சொல்லவே வேண்டாம். பக்கத்துப் புதுச்சேரிக்கு அவைதான் மாநில விலங்கும் மாநிலப் பறவையும். இத்தனையும் நாற்பது அடிக்குள். ஆனால் புழு முகத்துக்கு நேரே இருக்கும், தேன்சிட்டு பதினைந்து அடியில் இருக்கும், குயில் வேப்பமரத்து உச்சியில் இருக்கும். மூன்றையும் ஒரே கேமரா சமமாக எடுக்காது. உங்களுக்கு எது முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

குருவிதான் முக்கியம் என்றால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தேன்சிட்டு ஏறக்குறைய 10 செ.மீ. நீளம். ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கேமராவோடு கொடுக்கும் 18-55 மி.மீ. லென்ஸை முழுதாக, அதாவது 55க்கு நீட்டினால், சென்சாரில் (படத்தைப் பதியும் சில்லில்) விழும் பிம்பம் 1.1 மி.மீ. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி வகை சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. அதாவது படத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குதான் குருவி. 300 மி.மீ. லென்ஸ் போட்டால் 6 மி.மீ., படத்தில் கால்வாசி. பொருளின் நீளத்தை லென்ஸின் மி.மீ. அளவால் பெருக்கி தூரத்தால் வகுத்தால் போதும், யாரும் போடக்கூடிய கணக்கு. இதைப் போடாமல் பணம் முழுவதையும் புதிய பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) கொட்டிவிட்டு, "லென்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று 18-55ஓடு நின்றுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு வருடம் எடுத்த குருவிப் படங்களில் இன்று பார்க்கத் தகுந்தது ஒன்றும் இல்லை. பழைய பாடி, நல்ல லென்ஸ் என்று திருப்பிப் போட்டிருந்தால் அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். இப்போது பலரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதால், கண்ணாடி வைத்த பழைய வகையான டிஎஸ்எல்ஆரில் நல்ல பாடிகளும் லென்ஸ்களும் பயன்படுத்திய நிலையில் கிடைக்கின்றன. தோட்டத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே பெரிய ஜூமை வாங்கிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அங்கேதான் அடுத்த தவறு. ஜூமை 'எக்ஸ்' கணக்கில் சொல்வார்கள். அது லென்ஸின் நீண்ட அளவை குறுகிய அளவால் வகுத்து வருகிற எண், அவ்வளவுதான். 18-55 லென்ஸ் 3 எக்ஸ். 100-400 லென்ஸ் 4 எக்ஸ். எண்ணைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் எட்டும் தூரத்தில் ஏழு மடங்கு வித்தியாசம். டிஜிட்டல் ஜூம் என்று தனியாக ஒரு எண் போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். படத்தை வெட்டிப் பெரிதாக்குவதை வீட்டில் கம்ப்யூட்டரிலும் செய்துகொள்ளலாம்.

பெரிய ஜூமில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு லென்ஸுக்கும் 'இதைவிடக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது' என்று ஒரு தூரம் உண்டு. 2018இல் வந்த நிகான் பி1000 கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 125 எக்ஸ் ஜூம், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 3000 மி.மீ.க்குச் சமமான எட்டம். ஊசுடு ஏரிக் கரையில் நின்று தூரத்து வாத்தை எடுக்க அருமையான கருவி. ஆனால் முழு ஜூமில் அது ஃபோகஸ் செய்ய ஏறத்தாழ 7 மீட்டர் வேண்டும், அதாவது 23 அடி. எங்கள் முருங்கை 15 அடியில் இருக்கிறது! ஜூமைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்போது காசு கொடுத்து வாங்கிய எட்டத்தில் பெரும்பகுதி தோட்டத்துக்குப் பயன்படாது. எனவே விவரத்தாளில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அது முழு ஜூமுக்கான எண்தானா என்றும் பாருங்கள். விரிந்த கோணத்துக்கான (ஜூம் செய்யாத நிலைக்கான) எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பது வழக்கம்.

பூச்சிக்காரர்களுக்கு இதே விஷயம் வேறு வடிவில் வரும். சின்னப் பொருளை மிகக் கிட்டே எடுக்கும் லென்ஸுக்கு மேக்ரோ என்று பெயர். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 30 செ.மீ.இல் ஃபோகஸ் ஆகும் என்று போட்டிருந்தால், அந்த 30 சென்சாரிலிருந்து அளந்தது. கேமராவின் தடிமனும் லென்ஸின் நீளமும் போக, லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் அதில் பாதிகூட மிஞ்சாது. 50, 60 மி.மீ. மேக்ரோவில் இன்னும் நெருங்க வேண்டும். கம்பளிப்புழு பொறுத்துக்கொள்ளும், தட்டான் பொறுக்காது. விலை குறைவு என்பதற்காகக் குட்டி மேக்ரோவை எடுத்துவிட்டு, பறந்துபோகும் தட்டான்களைப் பார்த்து நிற்க வேண்டாம். கையில் ஏற்கெனவே 55-250 மாதிரி ஒரு ஜூம் இருந்தால் அதன் முன்னால் திருகும் +2 க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை வாங்கிப் பாருங்கள். அரை மீட்டரில் ஃபோகஸ் ஆகும், வண்ணத்துப்பூச்சி படம் நிறைய வரும், செலவும் குறைவு. புழு, முட்டை, சிலந்தி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஓரளவு நல்ல மேக்ரோ வசதி உள்ள கைப்பேசியே ஒரு வருடம் ஓடும். அதற்குள் உங்களுக்கு எது வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெளிச்சத்தை மறப்பது அடுத்த தவறு. நம் ஊர் வெயிலைப் பார்த்து "வெளிச்சத்துக்கு என்ன குறை" என்று நினைப்போம். ஆனால் குருவிகள் சுறுசுறுப்பாக இருப்பது காலை ஆறு, ஆறரையிலிருந்து எட்டு எட்டரை வரை, அதுவும் இலை நிழலில். லென்ஸின் 'எஃப்' எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அதே பி1000 விரிந்த கோணத்தில் எஃப்/2.8, முழு ஜூமில் எஃப்/8. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. பூவின் முன் சிறகடிக்கும் தேன்சிட்டை உறைய வைக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு (1/1000) ஷட்டர் வேகமாவது வேண்டும். உச்சி வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனுக்கான எண்) 100 வைத்தால் 1/400 வரும். மர நிழலில் வெளிச்சம் எட்டில் ஒன்றானால் 1/50 ஆகிவிடும். அங்கிருந்து ஆயிரத்துக்குப் போக ஐஎஸ்ஓவை 2000க்கு ஏற்ற வேண்டும். சின்ன சென்சார் திணறுவது அங்கேதான்: இறகின் வரிகள் போய், கஞ்சி பூசியது போல ஒரு படம் வரும்.

சென்சார் எவ்வளவு சிறியது என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. சூப்பர் ஜூம் கேமராக்களில் பொதுவாக இருக்கும் 1/2.3 அங்குல சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ., ஒரு துவரம்பருப்பு அளவு. ஏபிஎஸ்-சி 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் 13 மடங்கு. நடுவில் ஓர் அங்குல சென்சார் என்று ஒரு வகை உண்டு, 13.2 × 8.8 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு அந்த வகை: 600 மி.மீ.க்குச் சமமான எட்டம், அங்கேயும் எஃப்/4. லென்ஸ் மாற்ற விரும்பாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த ஓர் அங்குல வகையைத்தான், விலைதான் கூடுதல். மெகாபிக்சலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 16, 20 இருந்தால் சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போடலாம்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லாத கேமராவைத் தோட்டத்துக்கு வாங்க வேண்டாம். ஒன்பது மணி வெயிலில் பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். நெற்றியில் வைத்து அழுத்திப் பிடிக்கும்போது கையும் ஆடாது.

எட்டம் போதாத கேமராவால் வருகிற கெடுதல் படத்தோடு நிற்பதில்லை. தூரத்திலிருந்து எடுக்க முடியாதவர் கிட்டே போவார். தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டை, தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இலையை விலக்கி எடுத்தால், தாய் கூட்டைக் கைவிடலாம். விலக்கிய இடைவெளியில் காக்கை குஞ்சைப் பார்த்துவிடும். கூட்டின் பக்கம் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள்.

பகலில் கீரியோ இரவில் மரநாயோ வருகிறதா என்று பார்க்க, மரத்தில் கட்டும் தானியங்கி கேமராவைச் சிலர் வாங்குகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதை உணர்ந்துதான் அது படம் எடுக்கிறது. நம் ஊர் மே மாதப் பகலில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். தேரைக்கும் ஓணானுக்கும் அது பெரும்பாலும் விழித்துக்கொள்ளாது. வாழைக்கு எதிரே கட்டினால் வெயிலில் சுட்ட இலை காற்றில் ஆடுவதையே நூற்றுக்கணக்கில் எடுத்து கார்டை நிரப்பிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலும் பல மலிவு மாடல்களில் மென்பொருள் ஊதிப் பெருக்கிய எண்.

கடைசியாக, கடற்கரை ஊரில் இருக்கிறோம் என்பதை மறப்பது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் துணி காயவே நாளாகும்; அந்த ஈரம் லென்ஸுக்குள்ளும் போகும். என் லென்ஸ் ஒன்றை தோல் உறையோடு பீரோவில் வைத்து அடைமழை முழுவதும் எடுக்காமல் விட்டேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் அடையாளம் போகவில்லை. கேமரா பட்ஜெட்டிலேயே காற்றுப் புகாத டப்பா ஒன்றுக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் பணம் ஒதுக்குங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் போட்டு 40-50 சதவீதத்தில் வைத்திருங்கள். பழைய லென்ஸ் வாங்கினால் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள்; வெள்ளை நூல் போல எது தெரிந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகத் தோட்டத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனாலும் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போங்கள். அலகும் வாலும் போக, தேன்சிட்டின் உடம்பு ஏறக்குறைய அந்த அளவுதான். வீட்டில் அளந்த அதே தூரத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்து, முழு ஜூமில் பத்துப் படம் எடுங்கள். உள்ளே இடம் போதாவிட்டால் கடை வாசலில் எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பழத்தோலின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் பில் போடச் சொல்லலாம்.