நீரிழிவும் பாலியல் குறைபாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவு உள்ள பலர் கண், பாதம், சிறுநீரகம் பற்றித் தயங்காமல் கேட்கிறார்கள். தாம்பத்திய உறவில் வரும் குறையை மட்டும் மருத்துவரிடம் மறைத்துவிடுகிறார்கள். தமக்கு மட்டுமே இப்படி நேர்ந்தது என்ற எண்ணமே அதற்குக் காரணம், அதுவே முதல் தவறு. 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் அலசலில், நீரிழிவு உள்ள ஆண்களில் 52.5 சதவீதம் பேருக்கு, அதாவது பாதிக்கும் மேற்பட்டோருக்கு, விறைப்புக் குறைபாடு காணப்பட்டது. மற்ற ஆண்களைவிட இவர்களுக்கு அது 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே தலைகாட்டுகிறது.

வயதாகிவிட்டது, மனக்கவலை என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் நரம்புகளையும் பாதிப்பதால், இரத்தக் குழாய்களை விரியச் செய்து விறைப்புக்கு உதவும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை என்பதால் அடைப்பின் விளைவு அங்கே முதலில் தெரியக்கூடும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இக்குறை தோன்றுவது உண்டு. ஆகவே இதைச் சொல்லாமல் விடுபவர், இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

சர்க்கரை மாத்திரையால்தான் ஆண்மை போயிற்று என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. சர்க்கரை ஏறினால் பாதிப்பு கூடும் என்பதால் இது பாதகத்தையே வளர்க்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகளும் குறையை அதிகப்படுத்துவது உண்மை. அவற்றை மாற்றித் தர மருத்துவரால் முடியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இரகசிய வைத்தியம். சர்க்கரை நோயையும் ஆண்மைக் குறைவையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் விடுதி அறையில் மருத்துவ முகாம் என்னும் சுவரொட்டிகளுக்குக் குறைவில்லை. மூலிகை என்று விற்கப்பட்ட பொருள்களில், விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் தரும் சில்டெனாஃபில் என்னும் மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை (நாக்குக்கு அடியில் வைப்பது உட்பட) பயன்படுத்துபவர் இதை உட்கொண்டால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முறையாக எழுதித் தரப்பட்ட அதே மருந்து பலருக்குப் பயன் தருகிறது. ஒருமுறை பலிக்கவில்லை என்று கைவிடாமல், அளவையும் வேளையையும் மருத்துவரிடம் மீண்டும் கேட்க வேண்டும். காலையில் எடுக்கும் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் அளவு பார்ப்பதும் சிலருக்குத் தேவைப்படும்.

பெண்களை இப்பேச்சில் சேர்க்காமலே விடுவது மருத்துவர்களும் செய்யும் தவறு. பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, நாட்டமின்மை, அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்று ஆகியவை நீரிழிவு உள்ள பெண்களிடம் மிகுதி. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் அத்தொற்றை இன்னும் கூட்டக்கூடும். எனவே அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால், எந்தச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது அவசியம்.