எழுபதுகளின் கால்குலேட்டர்: சிப்பைக் கழற்றுவதற்கு முன்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1971-இல் அறிவித்த டிஎம்எஸ்1802 (பின்னாளில் டிஎம்எஸ்0102), அதன் வழிவந்த சிப்கள் உள்ள சிவப்பு எல்இடி கால்குலேட்டர் எரியாவிட்டால் பழி முதலில் சிப்பின் மேல்தான் விழும். பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி.

கசிந்த நிக்கல்-காட்மியம் செல் விடுவது காரம். கையுறை போட்டு, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். பச்சை பிடித்த வயர்களை மாற்றிவிடுங்கள், உறைக்குள்ளும் அரித்திருக்கும். எச்பி-35 போன்றவற்றில் பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகவே கூடாது. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே அந்தப் பேட்டரிதான்.

மூன்று செல் மாடலுக்கு 3.6 வோல்ட், 250 மில்லிஆம்பியர் வரம்பு வைத்த பவர் சப்ளையைக் கொடுங்கள். இவை பி-சேனல் மாஸ் (எதிர்மறை மின்னழுத்தத்தில் இயங்கும் பழைய வகை) சிப்கள். விஎஸ்எஸ், விடிடி, விஜிஜி என்பவை சிப்புக்கு மின்சாரம் தரும் கால்கள்; அவற்றில் விஎஸ்எஸ் காலே மிக உயர்ந்த மின்னழுத்தம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை அங்கே வைத்தால் மற்ற சப்ளைகள் எதிர்மறையாகத் தெரியும்: டிஎம்எஸ்0100 வரிசையில் விடிடி சுமார் −7, விஜிஜி சுமார் −14 வோல்ட். இவை வராவிட்டால் சிப்பை விடுங்கள். பேட்டரி மின்னழுத்தத்தை இந்த அளவுகளுக்கு மாற்றித் தரும், குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கன்வெர்ட்டர் பகுதியில் டிரான்சிஸ்டரையும் காய்ந்த எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரையும் பாருங்கள்.

ஒரே ஒரு இலக்கம் மட்டும் கண்கூசும்படி எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இலக்கங்களை ஒவ்வொன்றாக வேகமாக மாறிமாறி எரியவைக்கும் ஸ்கேன் நின்றுவிட்டது, சில நொடியில் எல்இடி கருகும். சிப்பை நடத்தும் கிளாக் துடிப்பு வருகிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய நேரம் இது.

எல்லா இலக்கத்திலும் ஒரே செக்மென்ட் (இலக்கத்தின் ஒரு கோடு) காணோமா? பழுது எஸ்என்75491 போன்ற செக்மென்ட் டிரைவரில் (எல்இடிக்கு மின்னோட்டம் தரும் தனிச் சிப்). ஒரு இலக்கம் முழுக்க இருட்டா? எஸ்என்75492 போன்ற டிஜிட் டிரைவர். ஒரு இலக்கத்தில் ஒரு கோடு மட்டும் என்றால் எல்இடியே போய்விட்டது. பட்டன்களையும் அதே இலக்க லைன்கள்தான் ஸ்கேன் செய்கின்றன; இலக்கங்கள் சரியாக எரிந்து சில பட்டன்கள் மட்டும் மறுத்தால் கீபோர்டின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்தால் போதும்.

இத்தனையும் சரியாக இருந்தும் அசையாவிட்டால்தான் சிப். நிலைமின் தாக்காதபடி மணிக்கட்டுப் பட்டையை எர்த்தில் இணைத்துக்கொண்டு கழற்றுங்கள். மாற்றுச் சிப்பில் '7342' என்று இருந்தால் 1973-இன் 42-ஆம் வாரம். அது தேதி, மாடல் எண் அல்ல. மாடல் எண் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். 28 கால்களும் அச்சாகப் பொருந்தும், ஆனால் உள்ளே மாஸ்க் ரோமில் (தயாரிக்கும்போதே பதித்து, பின்னால் மாற்ற முடியாத நினைவகம்) பதித்த நிரல் வேறாக இருந்தால் கூட்டல் பட்டன் வேறு வேலை செய்யும்.